நனைந்தாலும் காயணும்: பழைய ஜீப்புக்கு வீட்டிலேயே குஷன் அடிக்கும் முறை

முதல் தடவை நான் அடித்த குஷனுக்குள் மூன்றாம் மாதம் பூஞ்சணம் பிடித்து, ஒரு மூலையில் காளானே முளைத்திருந்தது. ஸ்பொஞ் நனையக்கூடாது என்று பொலித்தீனால் சுற்றி, மேலே ரெக்சின் போட்டு, அடிப்பலகையோடு இறுக்கி மூடியிருந்தேன். இலங்கை மலைநாட்டில், எங்கள் மஸ்கெலியாப் பக்கத்து மழை தையல் ஓட்டை வழியாக உள்ளே போய்விட்டது. வெளியே வர அதற்கு வழி இல்லை. வண்டியில் ஏறியவர்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

பிறகு ஹட்டன் டவுனில் சீட் குஷன் அடிக்கும் ஒரு பாஸிடம் (தொழிலாளியிடம்) அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, ரெக்சின் நனையாது, தையல் நனையும். தண்ணி வராம பாக்கிறது உங்க வேலை இல்ல. வந்த தண்ணி போற வழிய பாருங்க" என்றார். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை நான் செய்த வேலை. என் வண்டி 88 அங்குல லேண்ட் ரோவர், மூன்றாம் சீரிஸ், அதாவது 1971 முதல் 1985 வரை வந்த வகை. வில்லிஸ், மிட்சுபிஷி, பழைய லேண்ட் குரூசர் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். சட்டத்தின் அமைப்பு மட்டும் மாறும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட்டின் பக்கத்தில் காற்றுப்பை உள்ள புதிய வண்டி என்றால் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். அந்த உறையின் தையல் குறித்த இடத்தில் கிழிந்து பை வெளியே வரும்படி தயாரிக்கப்பட்டது. வீட்டு நூலால் அதைத் தைத்தால் விபத்து நேரத்தில் அது வேலை செய்யாமல் போகலாம்.

எப்போது தொடங்குவது

மலைநாட்டில் இந்த வேலைக்கு மாதம் பார்க்க வேண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது. இந்தப் பக்கத்துக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்லது. பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் மழை கொட்டும். ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வரண்ட காற்று வீசும்போது ஸ்பொஞ், பலகை, பெயின்ட் எல்லாம் சீக்கிரம் காயும்.

இதில் நாள்நட்சத்திரம் எதுவும் இல்லை, கம்மின் (பசையின்) குணம்தான் காரணம். ஸ்பொஞ் ஒட்டும் கம் உலரும்போது பூசிய இடத்தைக் குளிரவைக்கும். பனிமூட்டமான நேரத்தில் அந்தக் குளிர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். கையால் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், ஆனால் ஒட்டிய இரண்டு நாளில் கழன்றுவரும். கம் வேலையைக் காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் விழும் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கிறது என்று அடுப்படிக்குள் கொண்டுபோக வேண்டாம். கம்மின் ஆவி தீப்பிடிக்கும், தலையும் சுற்றும்.

கழற்றுவது

கழற்றும் முன்பு பழைய சீட்டில் உட்கார்ந்து, தலைக்கும் கூரைக்கும் இடையே எவ்வளவு இடம், தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே எவ்வளவு இடம் என்று அளந்து எழுதுங்கள். பழைய ஸ்பொஞ் அமுங்கிப்போயிருக்கும் என்பதால் புதியது கொஞ்சம் உயரும். உயரம் கூடிப்போனால் ஒவ்வொரு குழியிலும் உச்சந்தலை கூரையில் இடிக்கும்.

லேண்ட் ரோவரில் அடிக்குஷனைத் தூக்கி எடுப்பது சுலபம். ஆனால் 88 அங்குல வண்டியில் வலப்பக்க சீட்டுக்கு அடியில்தான் எரிபொருள் தாங்கி இருக்கிறது. பிறகு வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் இடப்பக்க சீட்டுக்கு அடியில் பேட்டரி. ஆகவே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பீடி, சிகரெட் தூர இருக்கட்டும். சாய்மானத்தைப் பிடிக்கும் பொல்ட் துருவேறி இறுகியிருந்தால் முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டுவையுங்கள். அந்த பொல்ட் அலுமினியத் தகட்டில் இறங்கியிருக்கும் இடங்களில் பலத்தைக் காட்டினால் தகடுதான் கிழியும். சீட் பெல்ட் பொல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் அதே பொல்ட்டை அதே இடத்தில் திரும்பப் போடுங்கள். கடையில் கிடைத்த வேறு பொல்ட்டை அங்கே போடக்கூடாது.

உறையைக் கிழித்து எறியாதீர்கள், அதுதான் உங்கள் அளவுத்தாள். அதற்குக் கை வைக்கும் முன்பு இன்னொன்று: பழைய குஷனுக்குள் எலி குடியிருந்திருக்கும். எனக்கு ஒரு முழுக் கூடு கிடைத்தது, பஞ்சு, கொழுந்துச் சாக்கின் நார், பிஸ்கட் உறை எல்லாவற்றோடும். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, தூசி பறக்காதபடி தண்ணீர் தெளித்து, வீட்டுக்கு வெளியே வைத்துப் பிரியுங்கள். பழைய ஸ்பொஞ்சைக் கழுவிப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். விரலால் அமுக்கினால் மாவாக உதிரும் ஸ்பொஞ்சைக் கழுவி என்ன செய்வது?

தையலைப் பாதி பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்துப் பிரியுங்கள். பிரிக்கும் முன்பே ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் 'மேல்', 'முன்', 'இடம்', 'வலம்' என்று எழுதிவிடுங்கள். இரண்டு துண்டு சேரும் இடங்களில் குறுக்காக ஒரு கோடும் போடுங்கள். போனில் படம் எடுப்பது நல்லது, ஆனால் படத்தை மட்டும் நம்பினால் இரண்டு நாள் கழித்து எது எதன் மூலை என்று தெரியாமல் விழிப்பீர்கள். விழித்தவன் சொல்கிறேன்.

நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் இருக்கிறார். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சீட்டின் வலது ஓரத்தில் தேய்த்துக்கொண்டுதான் இறங்குகிறார். ஆகையால் டிரைவர் சீட் உறையின் வலது பாதி இழுபட்டு உருமாறியிருக்கும். அதைப் பார்த்து வெட்டினால் புது உறையிலும் அதே கோணல் வரும். பக்கத்து சீட்டின் உறையை எடுத்து, நடுவில் மடித்து, நல்ல பாதியை மட்டும் கடதாசி அட்டையில் வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபாதியை வரையுங்கள்.

சட்டமும் பலகையும்

லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியம், துருப்பிடிக்காது. அதை நம்பி இரும்பையும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். சட்டத்தைக் கம்பி பிரஷால் சுரண்டி, மணல்தாள் தேய்த்து, ரெட் ஒக்சைட் ஒரு தடவை, எனமல் பெயின்ட் இரண்டு தடவை அடியுங்கள். விரிசல் கண்ட இடத்தை பெயின்டால் மறைக்காமல் வெல்டிங் கடையில் ஒட்டவைத்துக்கொள்ளுங்கள். ஸ்பொஞ், ரெக்சின் எல்லாவற்றையும் கழற்றிய வெறும் சட்டமாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

வளைகம்பி ஸ்பிரிங் உள்ள சீட் என்றால் ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துப் பாருங்கள். முறிந்ததை அதே நீளத்தில் மாற்றுங்கள். ஸ்பிரிங்கே இல்லாமல் ரப்பர்ப் பட்டி இருந்த இடத்துக்கு லொறி டியூபை இரண்டு அங்குல அகலத்தில் வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய் முடைவது போலக் கட்டலாம். ஸ்பிரிங்குக்கும் ஸ்பொஞ்சுக்கும் நடுவில் கனமான சாக்குத்துணி கட்டாயம். இல்லாவிட்டால் கம்பி ஸ்பொஞ்சை அறுத்துக்கொண்டே இருக்கும்.

பலகை அடி உள்ள குஷனுக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் எடுங்கள். சாதாரண பிளைவுட் எங்கள் மழைக்கு இரண்டு வருடத்தில் ஏடு ஏடாக விரியும். பழைய பலகையை மேலே வைத்து வரைந்து வெட்டி, விளிம்பை மணல்தாளால் உருட்டிவிடுங்கள். கூர்மையான விளிம்பு ரெக்சினை உள்ளிருந்து வெட்டும். பிறகு காளான் கற்றுத்தந்த பாடம்: பலகையில் 20 மில்லிமீட்டர் துளை ஒன்பது, மூன்று வரிசையாகப் போடுங்கள். கடைசி வரிசை பின்விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். சீட் பின்பக்கம் சரிந்திருப்பதால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். துளை போட்ட பிறகு வார்னிஷ் அடியுங்கள், துளையின் உள்சுவருக்கும் சேர்த்து. பிளைவுட் தண்ணீர் குடிப்பது வெட்டிய முகத்தால்தான்.

ஸ்பொஞ் வாங்குவது

கடையில் எல்லாரும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "நல்ல கெட்டி" என்று வாங்குகிறார்கள். கெட்டி வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி குறைந்த ஸ்பொஞ்சைக்கூடக் கெட்டியாகச் செய்யலாம். அது ஆறு மாதம் கெட்டியாக இருந்துவிட்டுப் பிறகு சப்பென்று உட்காரும். அடர்த்தியைத் தராசு சொல்லும். 50 சென்ரிமீட்டர் நீளம், 50 அகலம், 10 கனம் உள்ள துண்டு ஒரு கிலோ இருந்தால் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 40 கிலோ. அதே துண்டு 600 கிராம்தான் என்றால் 24. இந்த இரண்டாவது வகை சோபாவின் சாய்மானத்துக்குப் போகட்டும். தோட்டத்து ரோட்டில் உட்கார 40க்குக் குறையாதீர்கள். என் கடைக்காரர் தராசைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் நான் கேட்காமலேயே உள்ளே போய் வேறு துண்டு எடுத்துவந்தார்.

நான் வைத்த அடுக்கு இது. பலகைக்கு மேல் நிழல்வலை இரண்டு மடிப்பு. நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டக்காரர்கள் நாற்றுக்குப் போடும் அதே வலைதான். பலகையும் ஸ்பொஞ்சும் ஒட்டிக்கொள்ளாமல் இடையே காற்று ஓட அது வழி விடும். அதற்கு மேல் ஒரு அங்குலம் அரைத்து ஒட்டிய ஸ்பொஞ், அதாவது பல நிறத் துண்டுகள் தெரியும் கனமான வகை. குழியில் விழும்போது பலகையில் இடிக்காமல் தாங்குவது அதுதான். அதற்கு மேல் மூன்று அங்குலம் 40 அடர்த்தி. எல்லாவற்றுக்கும் மேலே அரை அங்குலம் மெல்லிய மென்ஸ்பொஞ், உறையில் சுருக்கம் விழாமல் இருக்க. நிழல்வலைக்குப் பதில் ரப்பர் பூசிய தும்பு விரிப்பும் வைக்கலாம், கிடைத்தால்.

ஸ்பொஞ்சைப் பலகையைவிட நாலாபக்கமும் அரை சென்ரிமீட்டர் பெரிதாக வெட்டுங்கள். அமுக்கி உறைக்குள் போகும்போதுதான் உறை விறைப்பாக நிற்கும். கத்தரிக்கோல் ஸ்பொஞ்சை நசுக்கிக் கோணலாக வெட்டும். நீளமான பாண் வெட்டும் கத்தியை அமுக்காமல் இழுத்து இழுத்து வெட்டினால் முகம் நேராக வரும். அடுக்குகளை ஒட்ட முழுப்பரப்பிலும் கம் பூசாதீர்கள். காய்ந்த கம் ஒரு தோல் மாதிரி, காற்றையும் தண்ணீரையும் மறிக்கும். ஓரத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலம், நடுவில் நாலைந்து பொட்டு போதும். இரண்டு முகத்திலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, பிறகு சேருங்கள். சேர்த்தபின் நகர்த்த முடியாது.

உறையை வெட்டுவது

ரெக்சின், கென்வஸ், தோல் என்று மூன்று வழி. தோல் எங்கள் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும், விலையும் கையைக் கடிக்கும். கென்வஸ் மூச்சு விடும், அழகாகவும் இருக்கும், ஆனால் நனைந்த கென்வஸில் உட்கார்ந்து லக்சபானவிலிருந்து வீடு வந்து பாருங்கள். நான் ரெக்சின் பக்கம். பின்பக்கம் பின்னல் துணி உள்ளதாக, ஒரு மில்லிமீட்டர் கனத்தில், கையால் இரண்டு பக்கமும் இழுத்தால் கொஞ்சம் நீள்வதாகப் பாருங்கள். 54 அங்குல அகலத் துணியில் முன்பக்க மூன்று சீட்டுக்கும் சாய்மானத்துக்குமாக எனக்கு மூன்றரை மீட்டர் போனது. அரை மீட்டர் கூட வாங்குங்கள், பிறகு அதே நிறம் கிடைக்காது.

பழைய உறை பொதுவாக மேல்முகம் ஒன்று, சுற்றிலும் பக்கப்பட்டி ஒன்று என்று இருக்கும். அதில் மேல்விளிம்பு நாலு பக்கமும் தையல். நான் அதை மாற்றினேன். முன்பக்க அடியிலிருந்து மேலேறி, உட்காரும் இடத்தைக் கடந்து, பின்பக்க அடிவரை போகும் ஒரே நீளத் துண்டு, பிறகு இடம் வலம் இரண்டு பக்கத் துண்டு. இப்படி வெட்டினால் கெண்டைக்கால் உரசும் முன்விளிம்பிலும் தண்ணீர் தேங்கும் பின்விளிம்பிலும் தையலே இல்லை. மொத்தம் இரண்டு தையல்தான். மேலே வைரக்கட்டம் போட்டுத் தைப்பது இப்போது பெஷன். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கட்டமும் முப்பது நாற்பது ஓட்டை. கராஜுக்குள் நிற்கும் வண்டிக்குச் செய்யுங்கள்.

தையலுக்கு எல்லாப் பக்கமும் 12 மில்லிமீட்டர், பலகைக்கு அடியில் இழுத்து அடிக்க மூன்று அங்குலம் விட்டு வெட்டுங்கள். பின்பக்கத்தில் சோக்கால் வரையுங்கள். போல்பொயின்ட் பேனா வேண்டாம், அந்த மை மெல்ல மெல்ல ரெக்சினைக் கடந்து மேல்முகத்தில் தெரிய வரும். சேர வேண்டிய இடங்களில் விளிம்பில் சின்ன வெட்டுக்குறி போடுங்கள். நடு, மூலை, மூலைக்கு இரண்டு பக்கம் என்று ஒரு பக்கத் தையலுக்கு எட்டுப் பத்து குறியாவது வேண்டும். ரெக்சின் மிஷினில் போகும்போது கீழ்த்துண்டு முந்தும், மேல்துண்டு பின்தங்கும். குறி இல்லாவிட்டால் கடைசியில் இரண்டு சென்ரிமீட்டர் மிஞ்சி நிற்கும், ஏன் என்று புரியாது.

தைப்பது

வீட்டில் அம்மாவின் பழைய கறுப்பு இரும்புத் தையல் மிஷின் இருந்தால் அதுவே போதும். மூன்று மடிப்பு ரெக்சினை அது நிதானமாகத் தைக்கும். பிளாஸ்டிக் உடம்புள்ள புது மிஷினைப் பலி கொடுக்காதீர்கள். எங்கள் மிஷினைக் கேட்டபோது அம்மா சொன்னது: "கேட்டதுக்கு எடுத்துக்கோ. ஊசி ஒடைஞ்சா நீதான் வாங்கணும்." நாலு ஊசி வாங்கினேன்.

18ஆம் நம்பர் ஊசி, தடித்த பொலியெஸ்டர் அல்லது நைலோன் நூல். பருத்தி நூல் எங்கள் ஈரத்தில் உக்கிப்போகும். தையலின் நீளம் நாலு முதல் ஐந்து மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்போம். ரெக்சினில் அது தபால் முத்திரையின் ஓரம் போல ஆகி, இழுத்ததும் வரிசையாகக் கிழியும். தொடங்கும் முன்பு வீண்துண்டில் நாலு அங்குலம் தைத்துப் பார்த்து, நூலின் இறுக்கத்தைச் சரி செய்யுங்கள்.

மிஷினின் பாதம் ரெக்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டு நகராமல் அடம்பிடிக்கும். ஒரு சிட்டிகை டால்கம் பவுடர் தூவுங்கள், அல்லது மெல்லிய கடதாசிப் பட்டியை இடையில் வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுங்கள். குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை மறையாது. துணி காயப்போடும் கிளிப் நன்றாகப் பிடிக்கும்.

பக்கத்துண்டின் முன்பக்க அடியில் தொடங்கி மேல்மூலைக்கு, பிறகு மேல்விளிம்பில், பிறகு பின்னால் என்று போங்கள். மூலை வளைவில் தையல் விளிம்பை ஒரு சென்ரிமீட்டருக்கு ஒரு வெட்டு வீதம், தையலைத் தொடாமல் வெட்டிவிட்டால் வளைவு முறுக்காமல் திரும்பும். அந்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைப்பதே நல்லது. பைப்பிங் (தையல் ஓரத்தில் ஓடும் உருண்டை விளிம்பு) வேண்டுமென்றால் 40 மில்லிமீட்டர் அகலப் பட்டிக்குள் ஐந்து மில்லிமீட்டர் நைலோன் கயிற்றை வைத்து, முதலில் அதைப் பக்கத்துண்டில் தைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை செய்பவர் பைப்பிங் இல்லாமல் செய்வதே நிம்மதி.

பின்பக்கத்தில், பலகைக்குச் சற்று மேலே, பித்தளைக் கண் (நடுவில் ஓட்டையுள்ள சின்ன வளையம்) இரண்டு அடியுங்கள். ஒருவர் தொப்பென்று உட்காரும்போது உள்ளே இருக்கும் காற்று எங்கேயாவது போக வேண்டும். வழி இல்லாவிட்டால் அது தையலைத்தான் பிளக்கும். எழும்பும்போது புதுக்காற்றை உள்ளே இழுப்பதும் அந்தக் கண்கள்தான்.

இழுத்து அடிப்பது

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் காலையில் ரெக்சின் தகரம் போல விறைத்திருக்கும். உறையை அரை மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டு, இளகிய பிறகு மாட்டுங்கள். வெயில் இல்லாத நாளில் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி மூலைகளில் உருட்டலாம்.

ஸ்பொஞ்சை உறைக்குள் திணித்து, பலகையை வைத்து, எல்லாவற்றையும் கவிழ்த்துப் போடுங்கள். இனி அடிக்கும் ஒழுங்கு முக்கியம். முன்பக்க நடுவில் ஒன்று. எதிரே பின்பக்க நடுவில் இழுத்து ஒன்று. இடப்பக்க நடுவில் ஒன்று, வலப்பக்க நடுவில் ஒன்று. பிறகு ஒவ்வொரு நடுவிலிருந்தும் இரண்டு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு ஒன்றாக மூலையை நோக்கிப் போங்கள், எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறி. ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்தால் கடைசி மூலையில் எல்லாச் சுருக்கமும் கூடிவிடும். மூலையை எப்போதும் கடைசியாக, மடிப்பை இரண்டாகப் பிரித்து, மிஞ்சியதை வெட்டிவிட்டு அடியுங்கள்.

முதல் சுற்றில் ஆணியைப் பாதிதான் இறக்க வேண்டும். கவிழ்த்து முகத்தைப் பார்த்து, கோணல் இருந்தால் பிடுங்கி மறுபடி இழுங்கள். நான் ஒரு குஷனுக்கு மூன்று தடவை பிடுங்கினேன். ஸ்டேப்ளர் பாவிப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகுப் பின் கேளுங்கள், பலகை 12 மில்லிமீட்டர் என்பதால் பத்து மில்லிமீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். மிஞ்சிய ரெக்சின் பலகைத் துளைகளை மூடுகிறதா என்று பார்த்து, மூடினால் வெட்டுங்கள்.

சாய்மானம் இதே மாதிரிதான், ஸ்பொஞ் மட்டும் மெலிவு. 30 அடர்த்தியில் இரண்டு அங்குலம் தாராளம். இரும்புச் சட்டத்தில் வளையம் போட்டுப் பிடிக்கும் வகை என்றால், உறை விளிம்பை மடித்துத் தைத்து உள்ளே ஒரு கம்பியை ஓட்டி, அந்தக் கம்பியைச் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி வளையத்தை இறுக்குங்கள். ரெக்சினை மட்டும் பிடித்தால் ஒரு வாரத்தில் கிழியும்.

வண்டியில் ஏற்றும் முன்பு ஒரு சோதனை. குஷனைச் சீட் சரிவில் சாய்த்து வைத்து, ஒரு கோப்பைத் தண்ணீரைப் பக்கத் தையலின் மேல் ஊற்றுங்கள். மனம் கேட்காது, ஆனாலும் ஊற்றுங்கள். பத்து நிமிடத்தில் பலகைத் துளையில் சொட்டத் தொடங்க வேண்டும். அப்படியே ஓரமாக நிறுத்திவைத்து, இரண்டு நாள் கழித்துத் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் துளை போதவில்லை, அல்லது கம் அதிகமாகிவிட்டது. என் பழைய காளான் குஷனை வெட்டிப் பார்த்தபோது ஸ்பொஞ்சின் அடிப்பாதி மட்டும் கறுத்து, மேற்பாதி வாங்கிய நாள் போலவே இருந்தது. தண்ணீர் எங்கே நின்றது என்று கோடு போட்டுக் காட்டியது போல.

மழைக்காலத்தில் வண்டி இரண்டு நாள் ஓடாமல் நிற்கப் போகிறது என்றால் அடிக்குஷனைத் தூக்கி நெட்டுக்கு நிறுத்திவிடுகிறேன். அரை நிமிட வேலை. அட்டைப்பூச்சி இருந்தால் அதுவும் அப்போது கண்ணில் படும்.